வண்டி ஓட்டும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

தண்டையார்பேட்டை குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். தண்ணீர் லாரி பற்றி இரவு எழுதுகிறேன். இது வேறு விஷயம்.

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்க நின்றேன். வலப்பக்கம் பார்த்துக் காலை எடுத்து வைத்தால், இடப்பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர். கைப்பிடி முழங்கையில் உரசி, பால் பாக்கெட் சாலையில் விழுந்து உடைந்தது. "பார்த்து வரக்கூடாதா சார்?" என்று எனக்கே அறிவுரை! நம் குழுவில் இருப்பவர்தான், பெயர் வேண்டாம். திருப்பம் வரை போய்வர இரண்டு நிமிடம் ஆகுமாம். அதை மிச்சம்பிடிக்க, கன்டெய்னர் லாரிகளுக்கு நேர் எதிரே, முன்னால் குழந்தையை நிற்கவைத்து ஓட்டுகிறார். லாரி ஓட்டுநரின் உயரத்திலிருந்து பம்பரை ஒட்டி வரும் ஸ்கூட்டர் கண்ணில் படவே படாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுபவர்களுக்கு: 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பறப்பவர்களை என்ன சொல்வது, எனக்குத் தெரியவில்லை.

வாசலில் குறுக்கே நிற்கும் நீல நிற பைக் யாருடையது? குப்பை வண்டி வெளியே காத்திருக்கிறது. உடனே வந்து எடுக்கவும்.