திண்ணை எத்தனை அடி?

அன்புள்ள காதருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே கச்சான் காற்று எழும்பிவிட்டது. தென்கடலில் இறங்குகிற வள்ளம் குறைவு.

மண்டபம் ஊர் மனையில் நீ கட்டப்போகும் வீட்டுக்குத் திண்ணை மூன்றடி அகலமா ஐந்தடியா என்று கேட்டிருந்தாய். மனசுக்கு எது சரியாகப் படுகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்றும் எழுதியிருந்தாய். கேட்கும் விதம் பிசகினால்தான் அப்படி ஆகும். 2022ல் மறைந்த கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் ஓர் உப்புக் குப்பியையும் சாஸ் பாட்டிலையும் வைத்துக் கேட்டார். ‘எது பிடிக்கிறது’ என்றல்ல. ‘எது உன்னை முழுசாக, நல்லது கெட்டதோடு காட்டுகிறது’ என்று. பெரும்பாலோர் உப்புக் குப்பியைத்தான் காட்டினார்கள். பிடித்தம் ஆளுக்கு ஆள் மாறும், இந்த உணர்வு பலருக்கும் ஒத்துவரும். ஆகவே இதுவும் ஓர் அளவுகோல் என்பது அவர் வாதம். எனக்கும் அதில் முழு நம்பிக்கை.

காகிதத்தில் வரைந்து காட்டாதே, மனையிலேயே செய். சவுக்குக் கம்பு நட்டு மேலே கிடுகு போடு. எட்டங்குல ஹாலோ பிளாக் இரண்டு வரிசை அடுக்கிப் பலகை பரப்பினால் ஒன்றரை அடி உயரம் வந்துவிடும். மூன்றடி அகலத்தில் ஒன்று, பக்கத்தில் ஐந்தடியில் ஒன்று. உயரமும் கூரையும் திசையும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அகலத்தோடு இன்னொன்றும் மாறினால் பதில் எதற்கு என்று தெரியாது. ஒவ்வொருவராக, பேச்சில்லாமல் பத்து நிமிடம் உட்காரவை. காலையில் ஒருமுறை, காற்று மணலை வாரி அடிக்கும் பிற்பகலில் ஒருமுறை. உன் அத்தாவைக் கடைசியில் கேள். அவர் முதலில் சொன்னால் மற்றவர்கள் மாற்றிச் சொல்லமாட்டார்கள். பதில் பாதிக்குப் பாதி பிரிந்தால் இரண்டுமே சரியில்லை என்று வைத்துக்கொண்டு நான்கடியைச் சோதித்துப் பார்.

பால்கனி ஆறடி அகலத்துக்குக் குறைந்தால் அநேகமாக யாரும் புழங்கமாட்டார்கள் என்று அலெக்சாண்டரும் கூட்டாளிகளும் 1977லேயே எழுதினார்கள். அது நாற்காலி மேசை போடுகிறவர்கள் கணக்கு. சம்மணமிட்டுச் சுவரில் சாயும் நமக்கு எத்தனை அடி என்பதை நம் உடம்புதான் சொல்ல வேண்டும்.

ஜன்னலுக்கும் இதே வழி. ஜன்னலடியை, அதாவது ஜன்னலின் கீழ்விளிம்பை, வழக்கம்போல் தரையிலிருந்து மூன்றடியில் வைத்தால், பாயில் உட்கார்ந்தவருக்குக் கடல் மறைந்துபோகும். அவர் கண் ஏறக்குறைய இரண்டரை அடியில்தானே இருக்கிறது! இரு கம்புக்கு நடுவே கயிறு கட்டிச் சாக்கைத் தொங்கவிடு. அதன் மேல்விளிம்புதான் ஜன்னலடி. கயிற்றை அங்குலம் அங்குலமாக இறக்கு. உட்கார்ந்தவர் எட்டிப் பார்ப்பதை விட்டுத் தோளைத் தளர்த்தும் இடத்தில் கம்பில் சுண்ணாம்புக் கோடு போடு. ஒன்றரை அடிப் பக்கம் வரும் என்பது என் கணிப்பு. பேத்தி தவழத் தொடங்கிவிடுவாள், கம்பியை நெருக்கமாகப் போடச் சொல்.

அஸ்திவாரத்துக்கு வானம் பறிப்பதற்குள் இதை முடித்துவிடு. கோடு விழுந்த உயரத்தை எழுது.

அன்புடன்,
முருகேசன்