ஸ்கேன் நார்மல், வலி மட்டும் தீரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாதவிலக்குக் கோளாறு, வெள்ளைப்படுதல் பற்றிச் சென்ற இதழில் வந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். தொற்று, ஹார்மோன், கட்டி என்று காரணங்கள் தெளிவாகவே இருந்தன. ஆனால் அந்தப் பெண் என்ன மாதிரியான வாழ்க்கை வாழ்கிறாள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பெண்கள் நலப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். அந்தக் குறை மனதை உறுத்துகிறது.

மாதவிலக்கைக் கருப்பை மட்டும் தீர்மானிப்பதில்லை. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து சினைப்பைக்கும் ஹார்மோன்கள் வழியாக உத்தரவு போகிறது. தீராத மனஉளைச்சலோ, போதாத சாப்பாடோ, அளவுமீறிய உடல் உழைப்போ இருந்தால் உத்தரவு கிளம்பும் இடத்திலேயே அது குறைந்து, மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுபோகலாம். நாள்பட்ட அடிவயிற்று வலியும் மனச்சோர்வு உள்ளவர்களிடமும் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது.

வெள்ளைப்படுதல் பற்றி மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் கோவாவில் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. தொற்றைவிட மனம், குடும்பச் சூழல் சார்ந்த காரணங்களோடுதான் இந்தப் புகாருக்கு நெருங்கிய தொடர்பு இருப்பதாக அதில் தெரியவந்தது. ஆனாலும் பரிசோதிக்காமலேயே ஆன்டிபயாடிக் எழுதித் தருவது இன்னும் நிற்கவில்லை. மாத்திரை முடியும், உடம்பு அசதி அப்படியே இருக்கும், அவள் வேறொரு டாக்டரைத் தேடிப் போவாள். பால்வினை நோயாக இருக்குமோ என்று ஒரு வார்த்தை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் வீட்டில் சந்தேகமும் சண்டையும் வேறு.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையா, "எல்லாம் உங்க மனசுதாம்மா" என்று அனுப்பிவிடுவது. கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு, அதாவது கருவுறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம்; கண்டுபிடிக்கப் பல வருடங்கள்கூட ஆகின்றன. அத்தனை வருடமும் "வேலை செய்யாமல் இருக்க நடிக்கிறாள்" என்ற பேச்சைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். உடம்பை முழுதாகப் பார்க்காமல் மனதின் மேல் பழி போடக்கூடாது. மனம்தான் காரணம் என்றே உறுதியானாலும் அந்த வலி நிஜமான வலி. அதற்கும் சிகிச்சை உண்டு.

டாக்டர் கேட்கும் கேள்விக்குக் கணவரோ மாமியாரோ பதில் சொல்வதை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். குழந்தை இல்லாத பெண் என்றால் அவள் வாயே திறக்க முடியாது. உடன் வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "தூக்கம் வருதா? வீட்டில் யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். பலர் முதலில் அழுவார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். எந்தக் கருவியும் காட்டாத விஷயம் அந்தப் பேச்சில் வரும்.

அடுத்த இதழில் ஒரு மனநல மருத்துவரையும் ஒரு மகப்பேறு மருத்துவரையும் சேர்ந்து எழுதச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அனுப்பினாலே பைத்தியம் என்று பயப்படுகிற குடும்பங்களுக்கும் புரிகிற மாதிரி அது இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் வாசகி