பாங்காக் செலவுக் கணக்கு: கவிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கவி,

நீ அனுப்பிய எக்செல் வந்தது. வண்ணமெல்லாம் அழகாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் பாங்காக்கில் நான்கு நாளுக்கு உன் பங்காக வைத்திருக்கும் 8,000 பாட்டை (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) நான்கால் வகுத்து நாளுக்கு 2,000 என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை அழித்துவிடு. கூட்டுறவு சங்கத்தில் பேரேடு எழுதியே தலை நரைத்தவள் சொல்கிறேன். அந்த ஊரில் சாப்பாடு, ரயில், படகு எல்லாம் மலிவு. கால் ஓய்ந்து, வெயில் ஏறி, யோசிக்கத் தெம்பில்லாமல் நிற்கும் நேரத்தில்தான் பர்ஸ் திறக்கும். அந்த நேரங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிச் செலவு கட்டுக்குள் வந்துவிடும்.

முதலாவது, இறங்கும் காலை. சென்னையில் ராத்திரி ஏறி விடியற்காலை பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் மூன்று பேரும் இறங்குகிறீர்கள். ஓட்டல் அறை மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம். தூக்கக் கலக்கத்தில் வெளியே வந்ததும் யாராவது பெட்டியைப் பிடித்துக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். தலையாட்டாதே. விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே ஊருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரைக்கும் ரயில் போகிறது, கடைசி வரை போனாலும் 45 பாட். மூன்று பேர், மூன்று பெட்டி என்றால் மீட்டர் டாக்சியும் சரிதான். மீட்டருக்கு மேலே விமான நிலையக் கட்டணம் 50 பாட், சுங்கச்சாவடிக் காசும் உங்களுடையது. பெட்டிகளை ஓட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு ஊர் சுற்றலாம், பெரும்பாலான இடங்களில் அதற்குக் காசு கேட்பதில்லை. சில ஓட்டல்களில் 500, 1,000 என்று முன்பணம் வாங்கி, அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். அதைச் செலவில் எழுதாதே, ஆனால் கையில் வைத்திரு.

இரண்டாவது, அரண்மனை நாள். அரண்மனைக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு 500 பாட், மரகத புத்தர் கோயிலும் அதற்குள்ளேயே வந்துவிடும். பள்ளிகொண்ட புத்தர் இருக்கும் வாட் போ கோயில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாட் அருண் கோயில், அரண்மனையோடு இந்த மூன்றுக்கும் சேர்த்து 1,000 ஒதுக்கு. காலை எட்டரைக்கே வாசலில் நில். மதியம் போனால் வெயில் உங்களை நேராக ஏசி காபிக் கடைக்குள் தள்ளிவிடும், அங்கே ஒரு காபி தெருக்கடையில் இரண்டு வேளைச் சாப்பாட்டு விலை. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். சுடிதார் போட்டுக்கொண்டு போனால் வாசலில் யானை படம் போட்ட பேன்ட் வாங்கும் செலவு மிச்சம். அப்புறம், சுற்றுச்சுவர் ஓரமாக நல்ல சட்டை போட்ட ஒருத்தர் வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, டுக்-டுக் ஆட்டோவில் வேறு கோயில்கள் காட்டச் சொல்கிறேன், 20 பாட்தான்" என்பார். அந்த 20 பாட் வண்டி கடைசியில் போய் நிற்பது ரத்தினக்கல் கடையில். உன் பெரியப்பாவை அதில் ஏறாமல் இழுத்து நிறுத்தியது நான்தான், இன்றைக்கும் அவருக்கு அதில் வருத்தம்.

அரண்மனைக்குப் படகில் போ. சபான் தக்சின் ரயில் நிலையத்துக்குக் கீழேயே துறை. அங்கே சுற்றுலாப் படகுக்குத்தான் கூவி அழைப்பார்கள். ஊர்க்காரர்கள் ஏறுவது ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட் அளவுதான். நீங்கள் தா சாங் துறையில் இறங்க வேண்டும். அந்தப் படகு எனக்கு அந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்தது, அரண்மனையைவிடவும்.

காசே இல்லாமல் பார்க்க ஒரு இடம் சொல்கிறேன். வாட் சுதாத் கோயிலுக்கு முன்னால் சிவப்பு வண்ணத்தில் ஆளுயரம் பல மடங்காக ஒரு ஊஞ்சல் சட்டம் நிற்கும். நம் மார்கழித் திருவெம்பாவையோடு தொடர்புடைய விழாவில் அங்கே ஊஞ்சலாடினார்கள். 1935-க்குப் பிறகு ஆடுவதில்லை. சீலோம் சாலையில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. உள்ளே போட்டோ எடுக்காதே.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 500 போதும், மால்களில் இருக்கும் ஃபுட் கோர்ட்டில் சாப்பிட்டால் இன்னும் மிஞ்சும். நீ சைவம் என்பதால் ஒன்று: காய்கறி என்று கேட்டாலும் மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். "ஜே", அதாவது சுத்த சைவம், என்று கேள். மஞ்சள் நிறப் பலகையில் சிவப்பாக எழுதியிருக்கும் கடைகள் அதற்கென்றே உள்ளவை. தினமும் இந்திய ஓட்டலைத் தேடிப் போனால் கணக்கு இடிக்கும்.

இனி பணம் எடுக்கும் வழி. நம் ஊர் மாதிரி போனைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே, கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் அவர்கள் ஊர்ப் பணப்பரிமாற்ற முறையான பிராம்ப்ட்பேவுக்கு. ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டாவது பிடிப்பார்கள், அதனால் எடுப்பதை ஒரே தடவையில் எடு. இயந்திரம் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பாட்டையே தேர்ந்தெடு. விமான நிலையத்தில் அன்றைய தேவைக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குள் மாற்று. மனக்கணக்குக்கு ஒரு பாட் மூன்று ரூபாய் என்று வை. அசல் விலை அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசம் உனக்கு லாபம்.

இப்போது என் வகுத்தல். போக்குவரத்து 600, சாப்பாடு 2,000, டிக்கெட் 1,000, கடை 2,000. சதுசக் சந்தை சனி ஞாயிறுதான், அந்த 2,000-ஐத் தனிக் கவரில் போட்டு எடுத்துப் போ, கவர் காலியானால் திரும்பி வா. 1,500 பாட் களைப்புக்கு: மழையில் கிராப் ஆப்பில் கூப்பிடும் ஒரு வண்டி, நடக்க முடியாத ராத்திரி, திடீரென்று கால் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றும் மதியம். அதைச் செலவழித்தேனே என்று வருத்தப்படாதே, அதற்குத்தான் அது. மிச்சம் 900-ஐக் கடைசி நாள் வரை தொடக் கூடாது. கடைசி நாள்தான் மூவரும் சேர்ந்து எதையாவது வாங்கித் தள்ளுவீர்கள்.

அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை அவர்கள் அரசாங்கத் தளத்தில் நிரப்பு. அது இலவசம், காசு கேட்டால் அது போலித் தளம். விசா விதியைத் தூதரகத் தளத்தில் இந்த வாரமே பார். வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டாயா?

திருத்திய எக்செலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, ஓட்டல் விலாசத்தோடு. அப்பா மூட்டு வலிக்கு அந்த ஊர் மஞ்சள் தைலம் கேட்பார். சரி சரி என்று சொல்லிவிட்டு வாங்காமல் வா, போன தடவை வாங்கியதே இன்னும் மூடி திறக்காமல் பீரோவில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா