நாட்காட்டியில் எட்டு நிரல்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
16.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கியதிலிருந்து மாமிக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. கடைக்குட்டிக்குத் தடிமன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அப்பாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதியாக நித்திரை வந்தது.

"ஐந்து பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, ஆத்திர அந்தரத்துக்கு ஒரு சொந்தமும் பக்கத்தில் இல்லாமல் என்னென்று சமாளிக்கிறாய்?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அந்த நேரம் மூன்று பேர் ஒரே குரலில் என்னைக் கூப்பிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று ஞாயிறு. இந்த நாட்டில் ஞாயிறு என்றால் கடைகள் எல்லாம் பூட்டு. சத்தமாக ஒரு வேலையும் செய்யக்கூடாது. இவர் மாமியையும் சின்னதுகள் மூன்றையும் ஏற்றிக்கொண்டு ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போயிருக்கிறார். தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் கட்டி, 2002இல் குடமுழுக்குச் செய்த கோவில் அது. நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் இந்த வாரம் போன விதத்தை எழுதிவிடுகிறேன்.

குசினிக் கதவில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. குடும்பத்தில் ஆளுக்கொரு நிரல் போட்டு இங்கே கடைகளில் விற்பார்கள். பெரும்பாலும் ஐந்து நிரல்கள்தான் இருக்கும், எங்களுக்கு அது காணாது. மூத்தவள் இரண்டு நாட்காட்டிகளை வெட்டி ஒட்டி எட்டு நிரலாக்கி வைத்திருக்கிறாள். நான் முதியோர் இல்லத்தில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும் வாரங்களில் இவருக்குப் பின்னேர வேலை வரும்படி இரண்டு இடத்திலும் பேசி ஒழுங்கு செய்திருக்கிறோம். அந்த ஒழுங்கு ஒரு நாள் பிசகினாலும் முழு வாரமும் ஆடும்.

திங்கள் விடியவே கடைக்குட்டிக்குக் காய்ச்சல். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வருத்தம் வந்து, வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்றால், வேலைக்குப் போகும் தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியே பிள்ளைக்கு ஆண்டில் 15 வேலைநாள் விடுப்பு உண்டு. சம்பளத்தின் பெரும்பகுதியை மருத்துவக் காப்புறுதி தந்துவிடும். நல்ல சட்டம். ஆனால் எத்தனை பிள்ளை என்றாலும் ஒருவருக்கு 35 நாளுக்கு மேல் கிடையாது. எனக்கு அந்த வயதுக்குக் கீழே மூன்று பேர். கணக்குப்படி 45 வரவேண்டும், அது 35இல் நின்றுவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆனாலும் அம்மா, எங்களுக்கு அந்த விடுப்பு பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. மாமி இருக்கிறா. இவர் காலையில் டொக்டரிடம் காட்டிக் கொண்டுவந்து விட்டார். பிறகு மாமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து, நான் வேலை முடிந்து வரும்போது பிள்ளையைச் சிரிக்க வைத்திருந்தா. இங்கே என்னோடு வேலை செய்யும் பெண்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்த நாள் 11ஆம் திகதி, புனித மார்ட்டின் திருநாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் அவர். பொழுதுபட்டதும் சின்னப் பிள்ளைகள் தாங்களே செய்த கடதாசி விளக்குகளைத் தடியில் கொளுவிக்கொண்டு பாட்டுப் பாடித் தெருவில் ஊர்வலம் போவார்கள். மார்ட்டின் வேடத்தில் ஒருவர் குதிரையில் முன்னே வருவார். நம் விளக்கீட்டுக்குச் சில கிழமைகள் முந்தி வருவதால் எனக்கு அந்த ஊர்வலத்தில் தனிப் பிரியம். கடைக்குட்டி இரண்டு வாரமாகப் பாலர் பள்ளியில் ஒட்டி ஒட்டிச் செய்த முள்ளம்பன்றி விளக்கு சுவரில் தொங்குகிறது, அவளோ காய்ச்சலில் கிடக்கிறாள். அழுகையை நிறுத்த முடியவில்லை. சின்னவன் தன் விளக்கை ஒரு கையிலும் அவளுடையதை மறு கையிலும் எடுத்துக்கொண்டு போனான். ஊர்வலம் எங்கள் தெருவால்தான் போகும். மாமி அவளைப் போர்த்தி யன்னலோரம் தூக்கி வைத்திருந்தா. அவன் கீழே நின்று முள்ளம்பன்றியை உயர்த்தி ஆட்டியதும் இவள் கத்திய கத்தலில் மேல்மாடிக் கிழவி வெளியே எட்டிப் பார்த்தா. பெரியவன் பின்னாலேயே நடந்து போய், ஊர்வல முடிவில் கொடுக்கும் ஆள் உருவப் பாணில் தங்கைக்கும் ஒன்று கேட்டு வாங்கி வந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது; இந்த வயதில் பையன்கள் சின்னதுகளோடு தெருவில் நடக்கவே வெட்கப்படுவார்கள். இவன் போனான்.

நாலாம் வகுப்பில் இருக்கும் நடுவிலாளுக்காகப் புதன் பின்னேரம் ஆசிரியையைப் பார்க்கப் போனோம். இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்த மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி நாலு வகுப்புத்தான். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கான கிம்னாசியமா, பத்தாம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலேயா, எல்லாம் ஒன்றாக உள்ள கெசாம்ட்ஷூலேயா என்று பிரிந்துவிடுவார்கள். நம் நாட்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பிழிவது உங்களுக்குத் தெரியும். இங்கே அப்படி ஒரு பரீட்சை இல்லை. அரையாண்டு அறிக்கையோடு ஆசிரியையின் பரிந்துரை வரும். கடைசி முடிவு தாய் தகப்பனுடையது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்த வழி என்று இப்போதே சொல்லச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை ஆசிரியையிடமும் சொன்னேன்.

அவ நல்லவ. பிள்ளை கிம்னாசியத்துக்குப் போகத் தகுதியானவள் என்றா. பிறகு தயங்கித் தயங்கி, வீட்டில் எட்டுப் பேர் இருக்கும்போது படிக்க அமைதியான இடம் உண்டா என்று கேட்டா. மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. நான் உள்ளதைச் சொன்னேன். அமைதியான இடம் இல்லை. நீளமான மேசை ஒன்று இருக்கிறது. அதில் மூத்தவள் பெரியவனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பாள், பெரியவன் நடுவிலாளுக்கு, நடுவிலாள் சின்னவனுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுப்பாள். எனக்கும் இவருக்கும் வராத ஜெர்மன் இலக்கணம் அந்த மேசையில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.

இவருக்குக் கிம்னாசியம்தான் விருப்பம். பிள்ளையோ அண்ணன் படிக்கும் கெசாம்ட்ஷூலேக்குப் போகவேண்டும் என்கிறாள். அங்கேயும் பதின்மூன்றாம் வகுப்புவரை படித்துப் பல்கலைக்கழகம் போகலாம். என் மனம் பிள்ளையின் பக்கம். காலை ஏழரைக்கும் சரியாக வெளிக்காத இந்த மாதங்களில் அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவது எனக்குப் பெரிய விஷயம். அப்பா ஆசிரியராக இருந்தவர், என்ன நினைக்கிறார் என்று அவர் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தை மாதத்துக்குள் வந்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை சின்னவன் நீச்சலில் 'கடற்குதிரை' சின்னம் வாங்கிவிட்டான். தண்ணீரில் குதித்து 25 மீட்டர் நீந்தி, தோளளவு ஆழத்தில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்துவர வேண்டும். மாமி அன்றிரவே அதை அவன் நீச்சல் உடுப்பில் தைத்துக் கொடுத்தா.

சனி வழக்கம்போல் ஓட்டம். காலையில் தமிழ்ப் பள்ளி, பிறகு ஞாயிறுக்கும் சேர்த்துச் சாமான் வாங்குவது. எட்டுப் பேர் ஒரு காரில் அடங்காததால் பழைய ஒன்பது இருக்கை வான் ஒன்று வைத்திருக்கிறோம். சாதாரணக் கார் உரிமத்திலேயே அதை ஓட்டலாம். பன்னிரண்டு வயதுக்குள், 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். அப்படி மூன்றைப் பூட்டிக் கழற்றவே நேரம் போய்விடும்.

செலவை நினைத்துக் கவலைப்படாதீர்கள். அரசாங்கம் இந்த 2025ஆம் ஆண்டில் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ தருகிறது. ஐந்து பேருக்கு 1275. பிள்ளைகளின் மருத்துவக் காப்புறுதிக்குத் தனியாகக் கட்டவேண்டியதில்லை. கஷ்டம் வீடு தேடுவதில்தான் இருந்தது. எட்டுப் பேர் என்றதும் முகம் மாறிய வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். அதையும் கடந்துவிட்டோம்.

சித்தப்பா மார்கழியில் வரும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுங்கள். நெய் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பால் பொருள் கொண்டுவர விடமாட்டார்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டதால் இப்போது நாலரை மணி வித்தியாசம். அடுத்த ஞாயிறு உங்கள் நேரம் இரவு எட்டுக்கு எடுங்கள், எங்களுக்குப் பின்னேரம் மூன்றரை. எட்டுப் பேரும் வீட்டில் இருப்போம். முதலில் கடைக்குட்டியோடு பேசுங்கள், இல்லாவிட்டால் மற்ற ஒருவரையும் பேச விடமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்