எதிர் வீட்டுக்காரர் பெயர் என்ன?

அன்பு மகளுக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.

நீ மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "அங்க யார் இருக்காங்கன்னே தெரியாதுப்பா" என்றாய். நான்கு வருடமாக அங்கே இருக்கிறாய். அந்தப் பேச்சு காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மற்றதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சொந்த உழைப்பில் வாங்கிய வீடு. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறேன். ஆனால் வந்தபோதே கவனித்தேன்: வீட்டுக் கதவிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து கார். பூங்கா மதிலுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் மதிலில் வழி இல்லை. பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டும், அதிலும் நடைபாதை பாதியில் நின்றுவிடுகிறது. 1929-இலேயே கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்க நகரத் திட்டமிடல் அறிஞர் குடியிருப்புக்குக் கணக்குப் போட்டு வைத்தார்: பள்ளிக்கூடம் சுமார் கால் மைல், அதாவது 400 மீட்டர் நடையில் இருக்க வேண்டும், பெரிய சாலை குடியிருப்பின் ஓரமாகப் போகவேண்டும். நடந்தால்தானே முகம் பார்க்க முடியும்?

நட, அம்மா. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை மாதிரி மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ட்ரெட்மில் இருக்கிறது என்பாய். அதில் எதிரே யாரும் வருவதில்லையே.

உன்னைக் குறை சொல்லவா இதை எழுதுகிறேன்? நீ பழகத் தெரியாதவள் இல்லை. சின்ன வயதில் தெருவே உன் வீடாக இருந்தது. அதைக் கெடுத்தது நான். நம் தெருவை அகலப்படுத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சான்பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் மூன்று தெருக்களை அளந்து 1972-இல் எழுதினார். நாளுக்கு 2,000 வண்டி ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள், எல்லாரும் அதே தெருக்காரர்கள். 16,000 வண்டி ஓடிய தெருவில் 0.9. ஒரு ஆள்கூட முழுசாக இல்லை. அந்தக் கட்டுரை என் அலமாரியில் இருந்தது. படித்திருந்தேன். வண்டி நிற்காமல் ஓடவேண்டும் என்பதுதான் எனக்கு அன்று வேலையாகப் பட்டது. பிறகு தெரு ஆபத்து என்று சொல்லி உன் சைக்கிளைப் பூட்டி வைத்ததும் நான்தான். நீ ஒரு மாதம் ஜன்னலிலேயே நின்றாய். நான் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மதிலில் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொல்லி உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கேள். வரைபடம் நான் போட்டுத் தருகிறேன். அதுவரை லிஃப்டை விட்டுப் படியில் இறங்கு, சாயங்காலம் கொஞ்சம் நட.

எதிர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு எனக்கு எழுது. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா