முருகேசனுக்கு, குன்னூரிலிருந்து

டேய் முருகேசா,

உன் வாட்ஸ்அப் எல்லாம் பார்த்தேன், நீலக்குறி விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். பதில் போடாததற்குத் திட்டி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாயே, அதை வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டது, அம்மா உட்பட. "இவன் இன்னும் மாறவே இல்லடா" என்று சிரித்தாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இங்கே இப்போதே விடிகாலையில் விரல் விறைக்கிறது. சரி, குசலம் போதும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே புகுந்து வாத்தியார் வேலை பார்ப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியது இரண்டு: ஒன்று சந்தோஷம், இன்னொன்று நம் செல்வம் பண்ணுகிற வேலை.

முதலில் பீட்டரின் மாருதி ஓம்னி வேன். அதே வெள்ளை வண்டிதான், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் அதே கார்புரேட்டர், பின்கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது. பெட்ரோல் விலையைச் சொல்லிச் சொல்லி அழுதவன், கீழே ஒரு கடையில் எல்.பி.ஜி. கேஸில் ஓட ஒரு கிட் மாட்டி, ஆர்.சி. புக்கிலும் ஏற்றிக்கொண்டு ஜம்பமாக மலை ஏறினான். பர்லியாறு வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் வண்டி திணற ஆரம்பித்து, ஒரு வளைவில் டப்பென்று ஒரு பேக்ஃபயர், ஏர் ஃபில்டர் மூடி தெறித்துவிட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "மலைக்குக் கேஸ் ஒத்துக்காதுங்க, ஏறும்போது பெட்ரோல்ல போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டாராம். பீட்டரும் அதை நம்பி கிட்டைக் கழற்றி விற்கப் பார்த்தான். எனக்கு வெறி ஏறியது அங்கேதான்.

நீயே யோசித்துப் பார். மேலே வர வரக் காற்று மெலிகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே எஞ்சினுக்குக் கிடைப்பது கடல் மட்டத்துக் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இது புரியாது, காற்று குறைகிற அளவுக்கு அதன் ஜெட் துளையில் வரும் பெட்ரோல் குறையாது, கலவையில் பெட்ரோல் மிஞ்சி பிளக்கெல்லாம் கரி பிடிக்கும். இதையெல்லாம் நாம் உன் அண்ணனின் பழைய பத்மினி காரிலேயே பார்த்தாகிவிட்டது. கேஸைக் காற்றோடு கலக்கும் மிக்ஸரின் கதை வேறு. அங்கே வருவது ஆவி. ரெடியூசர் என்கிற பெட்டி அந்த ஆவியை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறக்கித்தான் அனுப்புகிறது, அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. ஆக வெளியே காற்று மெலிந்தால் கேஸும் அதே கணக்கில் மெலியும், கலவை பெரிதாக மாறாது. உண்மையில் மலை ஏற இதுதான் தோதான ஏற்பாடு! இழுவை குறையும், இல்லை என்று சொல்லவில்லை. காற்றே குறைவு, போதாததற்கு ஆவியாக நுழையும் கேஸ் அந்தக் காற்றின் இடத்திலும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இழுவை குறைவது வேறு, மூடி தெறிக்க வெடிப்பது வேறு.

முன்சீட்டைத் தூக்கிவிட்டு (அந்த எஞ்சின் மேல் உட்கார்ந்து பழனிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா) வண்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். எஞ்சின் நல்ல சூடு, ரெடியூசர் மேல் மட்டும் வெள்ளை வெளேரென்று உறைபனி. அதற்குப் போகும் தண்ணீர் ஹோஸ் இரண்டையும் தொட்டேன். ஒன்றில் கை வைக்க முடியவில்லை, மற்றது சில்லென்று இருந்தது. நடுவில் காற்று அடைத்துக்கொண்டு சுடுதண்ணீர் சுற்றவே இல்லை. டேங்கிலிருந்து திரவமாக வருவது ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் ரேடியேட்டர் தண்ணீரிலிருந்துதான் வந்தாக வேண்டும். கீழே வெயிலில், சமதரையில் எப்படியோ சமாளித்திருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கேஸை அள்ளி இழுக்க இழுக்க உறைந்து போய், ஆவிக்குப் பதில் திரவத்தையே தள்ளிவிட்டிருக்கிறது. ரெடியூசரை ரேடியேட்டர் மூடி மட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டி, ஹோஸில் காற்றை எடுத்துவிட்டேன். திணறல் போய்விட்டது.

ஆனால் டப் போகவில்லை. அதற்கு இருட்ட வேண்டியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினைப் பார்த்தால், ஒரு பிளக் ஒயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி குதித்துக்கொண்டிருக்கிறது. கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது ஒளிந்திருந்த கோளாறு கேஸுக்கு மாறியதும் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். சிலிண்டருக்குள் பற்றாமல் விட்டது கலவை உள்ளே வரும் மேனிஃபோல்டு குழாயில் பற்றினால் மூடி தெறிக்காமல் என்ன செய்யும்? ஒயர் செட்டை மாற்றி, பிளக் முனையின் இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன். பொறி விழும் டைமிங்கையும் ஒரு சிட்டிகை முன்னே தள்ளினேன். கேஸில் இருக்கும் ப்ரொப்பேனுக்கு ஆக்டேன் எண் 100-க்கு மேல், இன்னும்கூடத் தாங்கும், ஆனால் இவன் மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பெட்ரோலுக்கு மாற்றினால் எஞ்சின் தட்டி நாக்கிங் அடிக்குமே என்று அதோடு விட்டுவிட்டேன். போன ஞாயிறு தொட்டபெட்டா போனோம். வண்டி முனகவில்லை. பீட்டர்தான் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தான், உனக்குத் தெரியாதா அந்தக் குரல்.

உன் காருக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். உன்னுடையது இன்ஜெக்ஷன் வண்டி, மிக்ஸர் வேண்டாம், கேஸையும் இன்ஜெக்டர் வழியே அடிக்கும் சீக்வென்ஷியல் கிட்தான் சரி. அதிலும் காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், தண்ணீர் ஓரளவு சூடான பிறகுதான் தானாகக் கேஸுக்கு மாறும். நீ வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிற தூரத்துக்குப் பாதி வழி பெட்ரோலிலேயே போய்விடும். லிட்டர் கணக்கில் மைலேஜும் குறையும், ஒரு லிட்டர் கேஸில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிடக் கால்பங்குக்குக் கிட்டே குறைவு. ஆகவே பங்க் போர்டில் விலையை மட்டும் பார்த்து வாயைப் பிளக்காதே. கேஸ் டேங்க் வைத்து டிக்கியில் பாதி இடம் போனால் உன் வீட்டம்மா உன்னைச் சும்மா விடுவாளா, அதையும் கேட்டுக்கொள்.

இனி செல்வம்.

அவனும் ஓம்னி வைத்திருக்கிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறான். அதில் ஓடுவது வீட்டுச் சிலிண்டர், முருகேசா. சமையல்கட்டில் இருக்கிற அதே 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர். கடைசி சீட்டுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடிவைத்திருக்கிறான், ரப்பர் டியூப் சீட்டுக்கு அடியில் முன்னே ஓடுகிறது. நான் பார்த்தபோது ஒரு சின்னப் பெண் அந்தச் சாக்கு மேல் காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

சட்டம் தெரியாதவன் இல்லை அவன். மோட்டார் வாகனச் சட்டத்தை 2000-இல் திருத்திய பிறகுதான் கேஸில் வண்டி ஓட்டவே அனுமதி வந்தது, அதுவும் வண்டிக்கென்று செய்த டேங்கில். அந்த டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் தானே அடைத்துக்கொள்ளும், குழாய் அறுந்தால் மூடிக்கொள்ள வால்வு உண்டு, கசிந்தால் வண்டிக்கு வெளியே போக வழி உண்டு. வீட்டுச் சிலிண்டரில் இதில் எது இருக்கிறது? இன்னொன்று கேள். நிமிர்த்தி வைத்த சிலிண்டரிலிருந்து வருவது ஆவி, ஆவி போகப் போகச் சிலிண்டர் குளிர்ந்துகொண்டே வரும். ப்ரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் அது முதலில் போய்விடும். கூடவே இருக்கும் பியூட்டேன் கொதிப்பது 0 டிகிரிக்கு ஒட்டி. மார்கழி விடிகாலையில் ஊட்டிக் குளிரில் அது எங்கே கொதிக்கப் போகிறது, அடியில் கிடக்கும். வண்டி நின்றுவிடும். அதற்கு இவன் கண்டுபிடித்த வைத்தியம், பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்து சிலிண்டர் மேல் ஊற்றுவது. சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

கசிந்தால் நாற்றத்திலேயே தெரிந்துவிடுமாம். குளிருக்குக் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுப் போகிற வண்டியில், காற்றைவிடக் கனமான கேஸ் பிள்ளைகளின் கால்மாட்டில்தான் தங்கும், டிரைவர் மூக்குக்கு அது எப்போது வரும்? பேசிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், "நீ கிட் மாட்டிக் கொடுத்துக் காசு பார்க்கத்தானே இவ்வளவும்" என்றுவிட்டான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு நேராகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் அவன் பிழைப்பு போய்விடும், அந்த வண்டியை நம்பித்தான் வீடு ஓடுகிறது.

உன் பேச்சை அவன் கேட்பான், லவ்டேல் விஷயத்துக்குப் பிறகு உன்னை எதிர்த்துப் பேசியதே இல்லையே. ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போ. பீட்டரும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம், நீயும் போட்டால் சரியான டேங்கும் கிட்டும் வாங்கிவிடலாம், மாட்டிக் கொடுக்கும் கூலி நான் வாங்கப் போவதில்லை, ஆர்.டி.ஓ. வேலையையும் நானே அலைந்து முடிக்கிறேன். அதற்கும் அவன் மசியவில்லை என்றால் திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அதையும் அவனிடம் சொல்லிவிடு. இந்த வாரத்திலேயே வந்தால் நல்லது, பள்ளி லீவு விட இன்னும் நாள் இருக்கிறது.

வரும்போது ஓம்னிக்கு ஒரு பிளக் ஒயர் செட்டும் ஸ்பேராக வாங்கி வா, நல்ல கம்பெனியாகப் பார்த்து. இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பு, கல்லாறு செக்போஸ்டில் நிறுத்தினால் என் பேரைச் சொல்லிப் பயன் இல்லை.

உன்,
சேகர்