டார்வினிலிருந்து அப்பாவுக்கு

டார்வின்
ஆஸ்திரேலியா
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே மழைக்கு முந்தைய புழுக்கம். நம்ம ஊர் சித்திரையே தேவலை. டியூட்டி இன்னும் டயாலிசிஸ் வார்டில்தான்.

வாரம் மூன்று நாள் ஒரு பெரியவர் வருகிறார். யோலுங்கு என்ற பூர்வகுடி இனத்தவர். கிட்னிக்காகச் சொந்த மண்ணை விட்டு இங்கே வந்து கிடக்கிறார். ஊசி குத்தியதும் கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் கம்பியில் இரண்டு விரலால் தாளம் போடுவார். என்ன பாட்டு என்று கேட்டேன். "எங்க ஹெட்மாஸ்டர் பாட்டு" என்றார்.

நிஜமாகவே ஹெட்மாஸ்டர்தான், டாக்டர் யுனுபிங்கு. (இறந்தவர் பெயரைச் சொல்வதில் இவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் முதல் பெயரை எழுதவில்லை.) டார்வினுக்குக் கிழக்கே உள்ள ஆர்னெம் லேண்ட் பகுதியின் பூர்வகுடிகளில் முதல் பட்டதாரி. 1990இல் அங்கே யிர்க்கலா என்ற ஊரின் பள்ளிக்குத் தலைமையாசிரியர். அதற்கு முன்பே, 1986இல், 'யோத்து யிந்தி' என்று ராக் குழு ஆரம்பித்துவிட்டார். சேயும் தாயும் என்று அர்த்தமாம். கிடாரோடு யிடாக்கி ஊதுவார்கள். கரையான் உள்ளே தின்று குழாயாக்கிய யூகலிப்டஸ் மரம் அது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, சத்தம் அறாமல் ஊதுகிறார்கள். நீங்கள் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவீர்களே, அதே வித்தை அப்பா!

பூர்வகுடிகளோடு உடன்படிக்கை போடுவோம் என்று 1988இல் பிரதமர் பாப் ஹாக் வாக்குக் கொடுத்தார். வரவில்லை. 1991இல் இவர்கள் அதையே 'ட்ரீட்டி' என்று பாட்டாக்கினார்கள். முதலில் யாரும் சீண்டவில்லை. ஆட்டத்துக்கு ஏற்றபடி ரீமிக்ஸ் செய்ததும் நாட்டின் ஹிட் பாட்டு வரிசையில் 11ஆம் இடம். 1992ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியர் விருதும் அவருக்குத்தான். அவ்வளவு பேர் வாங்கியும் மெல்போர்ன் பார் ஒன்றில் அவரை மதிக்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்று பெரியவர் சொன்னபோது, கோயிலில் உங்களுக்குத் தனி டம்ளர் வைத்தது ஞாபகம் வந்தது.

கடைசியில் அவருக்கும் கிட்னிதான். டயாலிசிஸிலேயே வருஷங்கள் ஓடின. 2012இல் குழுவுக்குப் பெரிய இசை மரியாதை கிடைத்தது. 2013 ஜூனில் போய்விட்டார், 56 வயதில். உடன்படிக்கை தேசிய அளவில் இன்னும் வந்தபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஒத்தைப் பற்றிச் சொன்னால் பெரியவர் நம்பவில்லை. "இந்த வயசில் கன்னம் தாங்குமா?" என்கிறார். வார்டில் அனுமதி கேட்டுவிட்டேன். வியாழன் நம்ம ஊர் காலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வருகிறேன். சீவாளி விரிசல் விட்டிருந்தால் மாமாவிடம் ஒன்று வாங்கி வையுங்கள்.

அன்பு மகள்
செல்வி